இருமலுக்கு முறை வைத்த சங்கம்

பாட்டில் ஆலையில் காலை ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோது உலைக்காரரின் இருமல் அவர் நெஞ்சை விட்டு இறங்கி, அவரை மாற்றிவிட வந்த ஆளின் நெஞ்சில் ஏறிக்கொண்டது. வந்தவன் அடுத்த சங்கு வரைக்கும் இருமித் தீர்த்தான். உலைக்காரர் வீட்டுக்குப் போய்க் குளித்து, இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டு, படுத்த மாத்திரத்தில் குறட்டை விட்டார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி, வீட்டில் இருமல் சத்தம் கேட்காததால் பயந்துபோய் ஓடிவந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அவள் பிழைப்பு அப்படி; ஆலையில் விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசை கட்டி வரும் பாட்டில்களில் கீறல் விழுந்ததைக் கண்டுபிடித்துத் தட்டி எடுக்கிறவள். தொழிற்சங்கத்தின் செயலாளரும் அவள்தான். 'அக்கா' என்றால் அந்த ஆலையில் அவள் ஒருத்திதான். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் ஆலையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாடி உலை அணையக் கூடாத உலை. ஒருதரம் பற்றவைத்தால் வருஷக்கணக்கில் எரியும். நடுவில் ஆறவிட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழம்பு கல்லாகி உலையையே பிளந்துவிடும். அதனால் மாற்றிவிட வருகிறவன் தோளில் கை வைத்து "வாங்கிட்டேன்" என்று சொல்கிற வரைக்கும் யாரும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. பிள்ளை பிறந்த செய்தி வந்தாலும் சரி, வீடு தீப்பிடித்த செய்தி வந்தாலும் சரி. உலையில் மட்டுமில்லை, மூட்டை கட்டுகிற இடத்திலும் அதே சட்டம்தான். சொல்லிச் சொல்லிப் பழகி, வீட்டில் குழந்தையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும்போதுகூட "வாங்கிட்டேன்" என்று கேட்டால்தான் அந்த ஜனங்கள் பிடியைத் தளர்த்துவார்கள். அன்றைக்கு உலைக்காரர் இருமி இருமிக் கண் இருண்டு நின்றிருந்தார். மாற்ற வந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் அழுத்தமாகவே கையை வைத்து, கொஞ்சம் நிதானமாகவே "வாங்கிட்டேண்ணே" என்றான். உலையோடு சேர்த்து இருமலும் போனது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த இருமலுக்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. பல வாரம் படுக்கையில் போட்டு, தினமும் ஊசி போட்டு, நல்ல சாப்பாடு கொடுத்தால் சரியாகிவிடும் என்று தனியார் ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "ஆஸ்பத்திரி அட்டை இருக்கா?" என்று கேட்டார். காட்டினால் காசில்லாமல் வைத்தியம் பார்க்கிற அந்த அட்டை, ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான். உலை முன்னால் நிற்கிறவர்களுக்குக் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிற அன்று மருந்து இருக்காது, மருந்து வந்த அன்று டாக்டர் இருக்க மாட்டார், இரண்டும் இருக்கிற அன்று வரிசை ரோட்டைத் தாண்டி நிற்கும். இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த ஆலை செய்தது மருந்து பாட்டில். நாட்டில் பாதிப் பேர் குடிக்கிற மருந்துக்கு அவர்கள்தான் பாட்டில் ஊதிக் கொடுத்தார்கள். உள்ளே ஊற்றுகிற சரக்கின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள்.

செயலாளர் விஷயத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. உடனே கூட்டம் போட்டாள். ஒருவர் சீக்கை இன்னொருவர் ஒரு ஷிப்டு வாங்கிக்கொள்ளலாம் என்றால் எல்லாரும் முறை போட்டுக்கொள்ளலாமே என்றாள். வாதம் நடந்தது. லோடுமேனின் முதுகுவலியை வாங்கிக்கொள்ளப் பலபேர் முன்வந்தார்கள்; ஸ்டோர் குமாஸ்தாவின் மூலநோயை வாங்கிக்கொள்ள ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சங்கம் என்றால் எல்லாச் சீக்கும் சமம், பொறுக்கி எடுக்க இது காய்கறிக் கடை இல்லை என்று செயலாளர் சத்தம் போட்ட பிறகு அதற்கும் முறை வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சங்குக்கும் ஆலை வாசலில் இந்தக் காட்சி நடந்தது: வெளியே வருகிறவர்கள் தோளில் உள்ளே போகிறவர்கள் கை வைப்பார்கள், "வாங்கிட்டேன்" என்பார்கள், ஒருவர் நிமிர்வார், ஒருவர் குனிவார். வழியில் போகிறவர்கள் சில நாள் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் சலித்துப்போனது.

முறை வைத்ததில் முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். சந்தோஷத்துக்குக் கீழே இரண்டு கீறல் இருந்தது, செயலாளர் கண்ணுக்கு அது தெரியாமல் போகவில்லை. ஒன்று, சீக்கைச் சுமக்க முடிந்ததே தவிர தீர்க்க முடியவில்லை. வைத்தியம் செய்ய வேண்டுமென்றால் அது ஒரே உடம்பில் பல வாரம் தங்க வேண்டும். அத்தனை வாரம் படுக்க யாருக்கு வசதி இருக்கிறது? அதனால் அது ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது, ஒரு ஷிப்டாவது நின்று வேலை பார்த்தவர்களுக்கிடையில்தான் அது கைமாறியது. ஆலை கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவருக்கு ஒரு பெண் குழந்தை, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அவர் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி வந்து சங்கு ஊதுகிற நேரத்தில் வாசலில் நிறுத்தினார். செயலாளரே கை வைத்தாள். "வாங்கிட்டேன்" என்றாள். குழந்தை அவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்ததே ஒழிய வேறொன்றும் நடக்கவில்லை. லோடுமேன் வைத்தான், உலைக்காரர் வைத்தார், ஷிப்டு முழுக்க வரிசையில் வந்து ஆளுக்கொரு தடவை வைத்துப் பார்த்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது. சைக்கிள் கடைக்காரர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செயலாளரின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுக்கும்போது மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டார். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆலைக்காரர்கள் மட்டும் பிழைத்தால் அது என்ன பிழைப்பு என்று உலைக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதிலிருந்துதான் சங்கத்தின் கோரிக்கை பிறந்தது. வேலை பார்க்கிறவன், பார்க்காதவன், கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே என்ற பேதம் இல்லாமல் நாட்டில் எல்லாருக்கும் அட்டை. எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லும் அட்டை. கட்டக்கூடிய அளவுக்குச் சந்தா, கட்ட முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. மனு கொடுத்தார்கள். ஊர்வலம் போனார்கள். கடைசியில் தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தங்கமான மனிதர். வாசலில் நின்று சங்கு ஊதுகிற நேரத்தில் நடப்பதையெல்லாம் பார்த்து, கண் கலங்கி, செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு ஒற்றுமையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். திரும்பிப் போய் அவர் கொடுத்த அறிக்கை பேப்பரில் வந்தது: பாட்டில் ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள், மற்றவர்களும் இதைப் பின்பற்றலாம், அரசாங்கம் இதில் தலையிட்டுக் கெடுக்க வேண்டியதில்லை. அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு ஆலை நிர்வாகம் நோய் விடுப்பை ரத்து செய்துவிட்டது. முறை போட்டு மாற்றிக்கொள்கிறவர்களுக்கு எதற்கு விடுப்பு?

வருஷங்கள் போயின. மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன. சின்னச் சின்னச் சீக்குகள் தாமாகவே அலுத்துப்போய் நின்றன. ஸ்டோர் குமாஸ்தாவின் மூலம்கூட ஒருநாள் காணாமல் போனது. உலைக்காரரின் இருமல் மட்டும் வைத்தியம் பார்க்காத ஆத்திரத்தில் வளர்ந்தது. முதலில் அதை வாங்கியவர்கள் இருமிக்கொண்டே பாட்டு பாடினார்கள். பிறகு அதை வாங்கியவர்களுக்குப் பாட்டு வரவில்லை. பிறகு ரத்தம் வந்தது. வயதானவர்களையும் கர்ப்பமானவர்களையும் முறையிலிருந்து எடுத்தார்கள். ஒரு ஷிப்டு முடிந்து இறக்கிவைக்கிறபோது கல்லுமாதிரி இருக்கிற ஆள்கூட வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். ஒரு ஷிப்டுக்குமேல் இதை எந்த உடம்பும் தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைப் பேசவில்லை.

இருமலைச் சளைக்காமல் சுமந்தவர்களில் செயலாளரின் தங்கையும் ஒருத்தி. மூட்டை கட்டுகிற பிரிவில் வேலை. தாய் தகப்பன் போன பிறகு அக்காதான் வளர்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டிலேயே இருந்தாள். ஆலையில் அவளுக்குப் பேர் ரேடியோ. காலையில் திறந்த வாயைத் தூங்கும்போதுதான் மூடுவாள், அதுவும் சில நாள் மூட மாட்டாள் என்று உலைக்காரர் சொல்வார். இருமலை வாங்கிக்கொண்டு உள்ளே போகும்போது வாசலில் அக்கா புருஷனைப் பார்த்தால், மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, உங்க சாமான் இப்ப என்கிட்ட இருக்கு. ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு? எப்படி வளர்த்து விட்டிருக்கீங்க பாருங்க" என்று வம்புக்கு இழுப்பாள். உலைக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய் நிற்பார். தன் சீக்கை ஊரே சுமக்கிறதே என்று அவருக்கு அத்தனை வருஷமும் தலை நிமிரவில்லை.

கடைசியில் சங்கம் வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்தது. முன்பும் போராட்டங்கள் நடந்திருக்கின்றன, ஆனால் அப்போதெல்லாம் உலையைக் காக்க நாலைந்து பேரை உள்ளே அனுப்புவார்கள். சங்கு ஊதும், ஆள் மாறும், உலை எரியும், முதலாளி கவலையில்லாமல் தூங்குவார். இந்தத் தடவை உலையையே ஆறவிடுவது என்று முடிவாயிற்று. பாட்டில் ஆலை உலையை ஆறவிடப் போகிறது என்று கேட்டதும் ரயில் பட்டறை, அச்சகங்கள், துறைமுகம் எல்லாம் தாங்களும் வருவதாகச் சொல்லி அனுப்பின. நகரம் முழுக்க ஒரே கோரிக்கை, எல்லாருக்கும் அட்டை. அரசாங்கம் முதல் தடவையாகப் பயந்தது. வேலைநிறுத்தம் தொடங்குகிற அன்று சாயங்காலமே பேசித் தீர்க்க அந்தப் பழைய அதிகாரியை அனுப்புவதாகத் தந்தி வந்தது. செயலாளர் மேடையில் ஏறி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி மூன்று தடவை சொன்னாள்: "நாளைக்குக் காலைச் சங்குல யாரும் யாரையும் மாத்தி விடக் கூடாது. உள்ள இருக்கறவங்க அப்படியே கையை எடுத்துட்டு வெளிய வாங்க. ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை வைக்கக் கூடாது. வாங்கிட்டேன்னு ஒரு வார்த்தை யார் வாயிலயும் வரக் கூடாது." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் சொன்னது உலையைப் பற்றி. அத்தனை வருஷம் முறை போட்டுப் பழகியதில், உலையும் இருமலும் அவர்கள் மனசில் ஒரே வேலையாகிப் போயிருந்தன. விளக்குப் பலகைக்கு முன்னால் கோடானுகோடி பாட்டிலைச் சலித்தவள், தன் வாயால் சொன்னதில் இருந்த கீறலைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். இருமல் அப்போது தங்கையிடம் இருந்தது. காலையில் அதை வாங்க வேண்டிய முறை லோடுமேனுடையது. அவன் தார்ப்பாய்க் கொட்டகையில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், கட்டளை ஞாபகம் வந்தது, கையை மடியிலேயே வைத்துக்கொண்டான். அவளும் வேறு மாதிரி நினைக்கவில்லை. "உனக்கு லீவு, எனக்கு ஓவர்டைம். முதலாளிகிட்டச் சொல்லி வாங்கிக் குடு" என்று அவனைக் கிண்டல் செய்துவிட்டு அக்காவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்டாள். உலையின் புகைபோக்கியில் புகை மெலிவதை ஜனங்கள் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செயலாளருக்கு அப்படி ஒரு பெருமை. நினைவு தெரிந்த நாளாக வானத்தில் நின்றிருந்த புகையைத் தன் ஒரு சொல் இறக்கிக்கொண்டிருக்கிறது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, எங்கேயோ எதுவோ குறைகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. கோஷம் இருந்தது, கைதட்டல் இருந்தது. ரேடியோ நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தாள். தங்கை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், முந்தானை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

லோடுமேன்தான் முதலில் பாய்ந்து வந்து கை வைத்தான். "வாங்கிட்டேன்" என்றான். வரவில்லை. செயலாளர் வைத்தாள். வரவில்லை. உலைக்காரர் மண்டியிட்டு, "அது என்னுதும்மா, என்கிட்டயே குடுத்துரு" என்று கெஞ்சிக் கெஞ்சி வைத்தார். அவருடைய இருமலே அவரை யாரென்று கேட்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஷிப்டு இருந்தால்தானே மாற்றிவிட முடியும். ஷிப்டையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். தூக்கிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர், "அட்டை இருக்கா?" என்று கேட்டார். அந்த அட்டைக்காகத்தான் காலையிலிருந்து ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று லோடுமேன் சொன்னான். அப்படியென்றால் முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள் என்று அவர் மரியாதையாகவே சொன்னார். முன்பணம் புரட்ட நாலு திசைக்கும் ஆள் ஓடியது. தங்கையை வராந்தா பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல், உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன சொல்கிறாள் என்று செயலாளர் காதைக் கொண்டுபோனாள். "போகாத" என்றாள் தங்கை. அக்கா எங்கே போகப்போகிறாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

செயலாளர் போனாள். மேனேஜர் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஒரு ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் போதும் என்று அவள் கேட்டாள். "சும்மா ஊத முடியாதும்மா. கோரிக்கையை வாபஸ் வாங்கறோம்னு எழுதிக் குடுங்க, இந்த நிமிஷமே ஊதச் சொல்றேன். உங்க தங்கச்சிக்காகத்தான் சொல்றேன்" என்றார். சாயங்காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதிகாரியின் கார் கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நகரம் முழுக்கப் புகை இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். சைக்கிள் கடைக்காரரின் குழந்தை சிரித்தது கண்ணுக்குள் வந்தது. பெற்ற பிள்ளைபோல வளர்த்த தங்கை பெஞ்சில் கிடப்பதும் வந்தது. அவள் எழுதிக் கொடுத்தாள். கை நடுங்கவில்லை என்று மேனேஜர் பிற்பாடு பலரிடம் சொன்னார். அது பொய், பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. உலைக்காரரும் இன்னும் சிலரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய் அவரவர் இடத்தில் நின்றார்கள். சங்கு ஊதியது.

அந்தச் சத்தம் ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் கேட்டது. பெஞ்சில் கிடந்தவள் அதற்குச் சற்று முன்பே போய்விட்டிருந்தாள். செயலாளர் ஓடிவந்தபோது வார்டு ஆயா, "முடிஞ்சு போச்சும்மா" என்று சொல்லித் துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். செயலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் தோளில் கை வைத்து, "வாங்கிட்டேன்" என்றாள். வந்தது. இருமல் அல்ல, அது அவளோடு சேர்ந்து செத்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்த சாவு வந்தது. செயலாளர் அப்படியே தரையில் சாய்ந்து செத்துப்போனாள். தங்கை எழுந்து உட்கார்ந்து முகத்துத் துணியை விலக்கி, தண்ணீர் கேட்டு, இந்த மாதிரிப் பெஞ்சில் மனுஷி படுப்பாளா என்று ஆரம்பித்தவள், தரையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். வார்டு ஆயா அந்த வேலையில் எவ்வளவோ பார்த்தவள். இப்போது யாரை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். யாரையும் எடுக்க வேண்டாம், அடுத்த சங்கு வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று லோடுமேன் சொன்னான்.

அடுத்த சங்குக்கு உலைக்காரர் வந்து வாங்கிக்கொண்டார், அதற்கடுத்த சங்குக்கு லோடுமேன். செத்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லி எல்லாரும் செயலாளரைக் கேட்டார்கள். சொல்ல ஒன்றுமில்லை. விளக்குப் பலகையை அணைத்த மாதிரிகூட இல்லை, ஏனென்றால் அணைத்தால் அணைந்தது தெரியும். அதைவிடப் பெரிய துக்கம் எழுந்த பிறகுதான் காத்திருந்தது. அதிகாரியின் கார் பாதி வழியிலேயே திரும்பிப் போயிருந்தது. பாட்டில் ஆலைப் புகைபோக்கியில் புகையைப் பார்த்ததும் அச்சகம் போனது, பட்டறை போனது, துறைமுகம் கொஞ்சம் வீம்பாக நின்று பார்த்துவிட்டுப் போனது. எல்லாருக்கும் என்ற சொல்லைப் பிறகு யாரும் உரக்கச் சொல்லவில்லை. அவளைத் துரோகி என்று யாராவது சுவரில் எழுதியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் காற்றடித்துக்கொண்டே அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்க தங்கச்சி பேசற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நல்லதும்மா" என்றார். அதில் குத்தல் இல்லை, மனசாரத்தான் சொன்னார். அன்றைக்கு அவள் சைக்கிளில் ஏறாமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.

சாவுக்கும் முறை வைத்தார்கள். வேறு என்ன செய்வது? யாராவது ஒருவரிடம் விட்டுவிட்டால் அவர் செத்தவர்தான். தங்கை ஒருதரம், என்னோடு போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். அவள் பேச்சில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத பேச்சு அது ஒன்றுதான். ஆலையில் எந்த நேரமும் ஒருவர் செத்திருப்பார் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஷிப்டுக்குக் கூலி கிடையாது. கேட்டுக்கு உள்ளே ஒரு சின்ன அறை கட்டி, கட்டில் போட்டு, மின்விசிறி மாட்டி, அதில் தன் பேரையும் எழுதிக் கொடுத்தார் முதலாளி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதலில் தயங்குவார்கள். யாரும் எழுப்பாத தூக்கம் உனக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று பழைய ஆட்கள் சொல்லித் தேற்றுவார்கள். தங்கமான அதிகாரி இன்னொரு தடவை வந்து பார்த்தார், இந்தத் தடவையும் கண் கலங்கினார். கேட்டுக்கு வெளியே இருந்தவர்கள் தங்கள் சீக்கைத் தாங்களே சுமந்து, தங்கள் சாவைத் தாங்களே செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலையில் பிறகு வேலைநிறுத்தமே நடக்கவில்லை. நடக்க முடியாது. சங்கு நின்றால் அந்த நேரத்தில் கட்டிலில் கிடக்கிறவர் எழுந்திருக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்தின் பொதுக்குழு கூடும். எல்லாருக்கும் வைத்தியம் என்ற தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றுவார்கள். அதை எப்படி வாங்குவது என்ற பேச்சு வந்ததும் செயலாளர் எழுந்து நிற்பாள். அவளிடம் ஒரே ஒரு யோசனைதான் உண்டு: அவள் செத்திருக்கிற ஷிப்டாகப் பார்த்து வேலைநிறுத்தத்தை ஆரம்பிப்பது. உலை ஆறட்டும், நகரம் மறுபடியும் உட்காரட்டும், கார் கிளம்பி வரட்டும். "நான் ஒருத்திதானே. வெளிய எத்தன குழந்தைங்க இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்பாள். கெஞ்சுவாள். சில வருஷம் கோபத்தில் திட்டுவாள். நீ எழுதிக் கொடுத்ததை நீயே கிழிக்கப் பார்க்கிறாய் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் அவளைத் தவிர அத்தனை கையும் மேலே போகும். முதலில் போகிற கை தங்கையுடையது, அடுத்தது உலைக்காரருடையது.

இந்த வருஷமும் அப்படித்தான் ஆயிற்று. கூட்டம் முடிகிற நேரத்தில் மதியச் சங்கு ஊதியது. அன்றைய முறை செயலாளருடையது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்து, கொடியில் கிடக்கிற துணியை மழை வருவதற்குள் எடுத்து வைக்கச் சொன்னாள். உலைக்காரரிடம் வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். கட்டிலில் லோடுமேன் கிடந்தான். அவன் தோளில் கை வைத்து, "வாங்கிட்டேன்" என்றாள். லோடுமேன் எழுந்து அவளுக்கு இடம் விட்டான்.